கையால் செய்த அஞ்சலட்டையும் அஞ்சல் கலையும்

கையால் செய்த அஞ்சலட்டை என்பது அச்சகத்தில் பல படிகளாக அச்சிடப்படாமல், ஒருவர் தம் கையாலேயே வெட்டி, வரைந்து, ஒட்டி, எழுதி, குறிப்பிட்ட ஒருவருக்குத் தபாலில் அனுப்பும் அட்டை ஆகும். இத்தகைய அட்டைகளையும் உறைகளையும் மடல்களையும் ஒரு கலைவடிவமாகக் கருதி ஒருவருக்கொருவர் அனுப்பிப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் அஞ்சல் கலை எனப்படுகிறது.

கண்காட்சியில் வைக்கப்படும் ஓவியத்திலிருந்து இது இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, இது விற்பதற்காகச் செய்யப்படுவது அன்று, கொடுப்பதற்காகச் செய்யப்படுவது. இரண்டாவதாக, செய்தவர் கையைவிட்டுப் போன பிறகே இது முழுமை பெறுகிறது. அஞ்சல்தலை, தபால் முத்திரை, வழியில் மடிந்த மூலை, மழைத்துளி பட்ட கறை ஆகியவையும் அட்டையின் பகுதியாகிவிடுகின்றன.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் ‘அஞ்சல் கலை’ என்ற பெயர் புதிது. ஆனால் கடிதத்தில் மஞ்சள் தடவுதல், பொங்கல் வாழ்த்து வரைந்து அனுப்புதல், விலையின்றிக் கவிதை மடல் வெளியிடுதல் என அதன் கூறுகள் இங்கு முன்பே இருந்துள்ளன. அட்டைக்கு வேண்டிய பொருள்களும் இப்பகுதித் தொழில்களிலேயே கிடைக்கின்றன.

தோற்றம்

அறியப்பட்டவற்றுள் உலகின் மிகப் பழைய படஅஞ்சலட்டை கையால் செய்யப்பட்டதே. 1840ஆம் ஆண்டு இலண்டனின் ஃபுல்ஹாம் பகுதியிலிருந்து தியடோர் ஹூக் என்ற எழுத்தாளரின் முகவரிக்கு அது அனுப்பப்பட்டது. பெரிய மைக்கூட்டைச் சுற்றி அமர்ந்து எழுதும் அஞ்சல் எழுத்தர்களைக் கேலி செய்யும் வண்ணப்படம் அதில் இருந்தது. உலகின் முதல் அஞ்சல்தலையான ‘பென்னி பிளாக்’ ஒட்டப்பட்டிருந்தது. ஹூக் தமக்குத் தாமே அதை அனுப்பிக்கொண்டார் என்று கருதப்படுகிறது. அந்த அட்டை 2002ஆம் ஆண்டு ஏலத்தில் 31,750 பவுனுக்கு விலைபோனது.

அரசு வெளியிட்ட அஞ்சலட்டை அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. சிறு செய்திக்கும் உறையும் தாளும் முழுக் கட்டணமும் தேவைப்படுவது வீண் என்று எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளியல் பேராசிரியர் எழுதினார். அதன்படி 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி உலகின் முதல் அரசு அஞ்சலட்டையை வெளியிட்டது. இந்தியாவில் 1879 சூலை 1 அன்று கால் அணா விலையில் அஞ்சலட்டை அறிமுகமானது. கடிதம் எழுதுவது வசதி படைத்தோரின் பழக்கம் என்ற நிலையை இந்தக் கால் அணா அட்டை மாற்றியது.

தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு பிரிட்டன் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் செய்தி எழுத அனுமதித்தது. பிற நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. இதனால் மறுபக்கம் முழுவதும் படத்திற்குக் கிடைத்தது. இன்று கையால் அட்டை செய்வோர் பின்பற்றும் அமைப்பும் இதுவே.

ஓவியர்களும் இந்தச் சிறிய பரப்பை விரும்பினர். செருமானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க், கவிஞர் எல்சே லாஸ்கர்-ஷூலருக்கு 1912 முதல் 1914 வரை வண்ணம் தீட்டிய அஞ்சலட்டைகளை அனுப்பினார். அவற்றுள் ஒன்று, 1913 புத்தாண்டு வாழ்த்தாக அனுப்பிய நீலக் குதிரைகளின் படம். பின்னர் அதையே அவர் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அந்தப் பெரிய ஓவியம் 1945க்குப் பிறகு காணாமல் போய்விட்டது. தபாலில் சென்ற அட்டை இன்றும் மியூனிக் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

ஓர் இயக்கமாக அஞ்சல் கலை

அஞ்சல் கலையை ஓர் இயக்கமாக வளர்த்தவர் அமெரிக்க ஓவியர் ரே ஜான்சன் (1927–1995). 1950களில் இவர் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிச் சிறு படைப்புகளாக்கி நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அவற்றில் பலவற்றில், இதில் ஏதேனும் சேர்த்து இன்னாருக்கு அனுப்பவும் என்ற குறிப்பும் இருந்தது. இவ்வாறு ஒரே தாள் பல கைகளில் வளர்ந்தது. இவ்வட்டத்திற்கு 1962ஆம் ஆண்டு ‘நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்’ என்ற பெயர் ஏற்பட்டது. பெயரில் ‘ஸ்கூல்’ இருந்தாலும் அதற்குக் கட்டடமோ கட்டணமோ இல்லை. 1970ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இவ்வட்டத்தின் அஞ்சல்களைக் காட்சிப்படுத்தியது.

அஞ்சல் கலைஞர்களிடையே எழுதப்படாத சில நெறிகள் உருவாயின:

1. வந்து சேரும் படைப்பு எதுவும் நிராகரிக்கப்படாது; தேர்வுக்குழு இல்லை.
2. பங்கேற்கக் கட்டணம் இல்லை.
3. படைப்பு திருப்பி அனுப்பப்படாது, விற்கப்படவும் மாட்டாது.
4. கண்காட்சி நடத்துபவர் பங்கேற்ற அனைவருக்கும் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும்.

பேச்சுரிமை இல்லாத நாடுகளில் இவ்வியக்கம் ஆபத்தும் நிறைந்ததாக இருந்தது. உருகுவேயில் இராணுவ ஆட்சி நடந்தபோது, அஞ்சல் கலைஞர்கள் கிளெமென்தே பதீனும் ஹோர்ஹே கராபாயோவும் 1977ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டனர். பல நாடுகளின் அஞ்சல் கலைஞர்கள் அவர்களின் விடுதலை கோரித் தொடர்ந்து கடிதங்கள் எழுதினர். பதீன் 1979ஆம் ஆண்டு சிறையிலிருந்து வெளிவந்தார். பொழுதுபோக்காகத் தோன்றும் ஓர் அட்டை, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே எத்தகைய பொறுப்பை உண்டாக்குகிறது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

இந்தியாவில்

இந்தியாவில் கையால் வரைந்த அஞ்சலட்டைக்குப் பெயர் பெற்றவர் நந்தலால் போஸ் (1882–1966). இவர் சாந்திநிகேதனின் கலாபவனத்திற்குத் தலைமை வகித்தவர்; 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டிற்குச் சுவர்ப்படங்கள் வரைந்தவர். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியை அழகுபடுத்திய பணியும் இவரது தலைமையில் நடந்தது. சாந்திநிகேதனில் இருந்தபோதும் பயணங்களின்போதும், கண்ட மரத்தையோ மாட்டையோ உழைப்பவரையோ சாதாரண அஞ்சலட்டையில் தூரிகையின் சில கோடுகளில் வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவது இவர் வழக்கம். மாணவருக்கு அந்த அட்டை நலம் விசாரிக்கும் கடிதமாகவும் ஓவியப் பாடமாகவும் இருந்தது.

கொங்கு நாட்டில்

*மங்கலமும் அமங்கலமும்.* தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே கொங்கு நாட்டிலும் கடிதத்தை வாசிப்பதற்கு முன்பே அதன் செய்தியை அறிய ஓர் அடையாள மரபு உண்டு. கல்யாணம், சீர் முதலிய நற்செய்திகளைத் தாங்கிய கடிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவப்படும். இறப்புச் செய்தி அல்லது கருமாதிக் கடிதத்தின் ஓரத்தில் கறுப்புமை இடப்படும். அதைப் படித்தவுடன் கிழித்துவிடுவார்கள், வீட்டில் வைப்பதில்லை. தபால்காரர் அட்டையை நீட்டும்போதே எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அது எத்தகைய செய்தி என்று அறிந்துகொள்வார். எழுத்தின்றி நிறத்தாலேயே செய்தி சொல்லும் இம்மரபில் அஞ்சல் கலையின் அடிப்படை இருக்கிறது.

*பொங்கல் வாழ்த்து.* மார்கழி பிறந்ததும் கடைகளில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கவிடப்படுவது 1990கள் வரை எங்கும் காணப்பட்ட காட்சி. கடையில் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் தாமே வரைந்து அனுப்பினர். கரும்பு, பானை, சூரியன் ஆகியவை பொதுவான படங்கள். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு வரைய இன்னும் பல உண்டு. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு முகப்பிலும் தொண்டுப்பட்டியிலும் செருகுவர். மாட்டுப் பொங்கலன்று பட்டிப் பொங்கல் வைப்பர். காங்கயம் காளையின் திமிலும் வளைந்த கொம்பும் ஒரே கோட்டில் வரையத்தக்கவை. வெளியூரில் இருக்கும் அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் பேரப்பிள்ளைகள் இவ்வாறு வரைந்து அனுப்பிய அட்டைகள், வேறு பெயரில் வழங்கிய அஞ்சல் கலையே ஆகும். தொலைபேசியும் குறுஞ்செய்தியும் பரவியபின் இவ்வழக்கம் விரைவாகக் குறைந்தது.

*கவிமடல்.* 1971ஆம் ஆண்டு கோவையில் தோன்றிய வானம்பாடிக் கவிஞர்கள் தம் இதழை ‘விலையிலாக் கவிமடல்’ என்று அழைத்தனர். புவியரசு, ஞானி, சிற்பி பாலசுப்பிரமணியம் உள்ளிட்ட பலர் இவ்வியக்கத்தில் பங்கேற்றனர். இது அஞ்சல் கலை இயக்கம் அன்று, புதுக்கவிதை இயக்கம். எனினும் படைப்புக்கு விலை வைக்காமல் மடலாகக் கொடுத்தல் என்ற கொள்கையில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. உலகின் வேறொரு மூலையில் ஓவியர்கள் விலையற்ற படைப்புகளைத் தபாலில் பரிமாறிக்கொண்ட அதே காலத்தில், கோவைக் கவிஞர்களும் தம் வழியில் அம்முடிவுக்கு வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பொருள்கள்

அட்டை செய்யத் தனிக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டின் தொழில்கள் விட்டுச்செல்லும் மிச்சமே போதுமானது.

*காகிதம்.* இப்பகுதியில் இரண்டு பெரிய காகித ஆலைகள் உள்ளன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் தயாரிக்கிறது. காவிரிக்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை உள்ளது. பள்ளி மாணவர் எழுதும் தாள் அண்டை மாவட்டத்துக் கரும்பிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

*அட்டை.* பனியன் பெட்டி, புதுச்சட்டையின் உள்ளே வைக்கும் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றின் வெற்றுப்பக்கம் அஞ்சலட்டைக்கு ஏற்ற கனம் உடையது. மெல்லிய தாளாயின் இரண்டை ஒட்டிக் கனமாக்கலாம்.

*துணிக்கழிவு.* திருப்பூர்ப் பனியன் தொழிலில் வெட்டி எறியப்படும் பருத்தித் துண்டுகள் கைத்தாளுக்கு நல்ல மூலப்பொருள். மரக்கூழைவிடப் பருத்தி இழை நீளமானது. அதனால் பருத்தித் தாள் எளிதில் கிழிவதில்லை, பழுப்பதும் குறைவு. செயற்கை இழை கலந்த துணி இதற்கு உதவாது.

*வண்ணம்.* ஈரோட்டு மஞ்சள் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சள்தூளை நீரில் குழைத்துத் தீட்டினால் பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். அதன்மேல் சுண்ணாம்பு நீரைத் தொட்டு வரைந்தால் அவ்விடம் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேரும்போது நிறம் மாறுவதே இதற்குக் காரணம். ஆரத்தித் தட்டில் நீர் சிவப்பதும் இதனால்தான். ஆனால் மஞ்சள் நிறம் வெயிலில் விரைவாக வெளுத்துவிடும்.

*அச்சு.* வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றினால் பூப்போன்ற வடிவம் கிடைக்கும். உருளைக்கிழங்கிலும் பழைய அழிப்பானிலும் வேண்டிய உருவைச் செதுக்கலாம். எழுத்தைச் செதுக்கும்போது இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

*வடிவம்.* பவானி ஜமக்காளத்தின் அகன்ற வண்ணப் பட்டைகள், வாசற்கோலத்தின் புள்ளிகள், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி ரயில், நொய்யல் கரைப் படித்துறை ஆகியன சிறிய பரப்பில் தெளிவாக அமையும். நுணுக்கமான படத்தைவிட நான்கைந்து கோடுகளில் முடியும் படமே அஞ்சலட்டைக்குப் பொருத்தமானது.

செய்முறை

1. அட்டையை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும். இது இந்திய அஞ்சல் துறை விற்கும் அஞ்சலட்டையின் அளவு. ஒரு பழைய அஞ்சலட்டையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிட்டால் அளவு பிசகாது.
2. ஒரு பக்கத்தின் நடுவே செங்குத்துக் கோடு இட வேண்டும். வலப்பாதியின் மேல்மூலை அஞ்சல்தலைக்கும் அதன் கீழ்ப்பகுதி முகவரிக்கும் உரியவை. இடப்பாதியில் செய்தி எழுதலாம்.
3. படத்தை மறுபக்கத்தில் வரைய வேண்டும். நீர்வண்ணம் தீட்டினால் அட்டை சுருளும். முழுவதும் காய்ந்தபின் கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரவு வைத்தால் நேராகும்.
4. தாள்களை ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஓரங்கள் முழுமையாக ஒட்டியிருக்க வேண்டும். தூக்கி நிற்கும் ஓரம் பிற கடிதங்களில் சிக்கிக் கிழியும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது நச்சுப்பொருள் ஆதலால் சிறுவர் கையாளும் பசையில் கலக்கக் கூடாது.
5. முகவரியைப் பந்துமுனைப் பேனாவால் எழுதுவது நல்லது. ஜெல் பேனா எழுத்து மழையில் கலையும். முகவரியின்மேல் மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்த்தால் நீர் ஒட்டாது. அஞ்சல்தலை உள்ள இடத்தில் மெழுகு படக்கூடாது. அங்கு முத்திரை பதியாது.
6. இடம், நாள் ஆகியவற்றை அனுப்புபவர் தம் கையாலும் குறிக்க வேண்டும். தபால் முத்திரை பலமுறை தெளிவாக விழுவதில்லை.

கைத்தாளையே வீட்டில் செய்ய விரும்புவோர், எழுதி முடித்த நோட்டுத் தாள்களைக் கிழித்து ஓரிரவு நீரில் ஊறவைத்து மிக்சியில் கூழாக அரைக்கலாம். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய கொசுவலையைத் தொட்டியிலுள்ள கூழ்நீரில் அமிழ்த்திச் சமமாக மேலே தூக்க வேண்டும். நீர் வடிந்தபின் பருத்தித் துணியின்மேல் கவிழ்த்து, அழுத்தி, நிழலில் உலர்த்தினால் தாள் கிடைக்கும். அத்தாளில் மை பரவும். சோற்றுக் கஞ்சியை வடிகட்டி மெல்லியதாகத் தடவிக் காயவைத்தால் மை பரவுவது குறையும். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் போன்றதே இது.

அஞ்சல் விதிகளும் வழியும்

அஞ்சல் துறையின் அச்சிட்ட தலையோடு கூடிய அஞ்சலட்டை 50 காசு. இவ்விலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை. அதை வாங்கி எழுதும் பக்கத்தில் வரைந்து அனுப்புவதே எல்லாவற்றிலும் எளிய முறை. சொந்த அட்டையாயின் உரிய அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். அளவு மீறிய அட்டைக்கும் உறையிலிட்ட அட்டைக்கும் கடிதக் கட்டணம் ஆகும். ஐயம் இருந்தால் அஞ்சல் நிலையத்தில் காட்டி எடைபோட்டுக் கட்டணம் கேட்டறிவது முறை. தலை குறைவாக ஒட்டினால் அதற்கான தண்டத்தொகையைப் பெறுபவர் கட்ட நேரும். வாழ்த்து அனுப்பி வசூலும் செய்தது போலாகிவிடும்.

துணி, மணி, குச்சி, நூல் போன்றவை ஒட்டிய அட்டையை உறையிலிட்டே அனுப்ப வேண்டும். விதை, இலை, பூ ஆகியவற்றை வெளிநாட்டிற்கு அனுப்பக் கூடாது. பயிர் நோய் பரவாமலிருக்க நாடுகள் அவற்றைத் தடுக்கின்றன. அஞ்சல் கலைஞர் சிலர் தாமே வரைந்த கற்பனைத் தலைகளையும் ஒட்டுவதுண்டு. அவை அழகுக்கு மட்டுமே. உண்மையான அஞ்சல்தலைக்குப் பதிலாக அவற்றை ஒட்டுவது குற்றம். முறைப்படி சொந்தப் படத்தோடு தலை வேண்டுவோருக்கு அஞ்சல் துறை 2011ஆம் ஆண்டு ‘மை ஸ்டாம்ப்’ திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

அட்டை சரியான ஊருக்குச் செல்லத் துணைபுரிவது 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண். ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பகப் பகுதியையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. 641001 என்பது கோயம்புத்தூர்த் தலைமை அஞ்சல் நிலையம், 638001 ஈரோடு, 642001 பொள்ளாச்சி, 637001 நாமக்கல், 639001 கரூர். முகவரியைத் தமிழில் எழுதலாம். பிற மாநிலத்திற்கு அனுப்பும்போது ஊர், மாநிலப் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதுவது நலம்.

பரிமாற்ற முறைகள்

*இருவர் பரிமாற்றம்.* இரண்டு நண்பர்கள் மாதம் ஓர் அட்டை என்று முடிவுசெய்து ஓராண்டு தொடர்வது. தலைப்பை முன்பே வைத்துக்கொண்டால் தொடர்வது எளிது.

*சுற்று அட்டை.* ரே ஜான்சன் முறையில், ஒருவர் தொடங்கிய படத்தில் அடுத்தவர் ஒரு பகுதியைச் சேர்த்து மூன்றாமவருக்கு அனுப்புவது. கடைசியில் அது தொடங்கியவரிடம் திரும்பும். தமிழில் ஒரே படியாகக் கைமாறி வாசிக்கப்பட்ட கையெழுத்து இதழ்களோடு இதனை ஒப்பிடலாம்.

*திறந்த அழைப்பு.* ஒருவர் ஒரு தலைப்பை அறிவித்து, வரும் அட்டைகள் அனைத்தையும் காட்சிக்கு வைப்பது. எதையும் ஒதுக்காமலிருப்பது இதன் நெறி.

*உலகப் பரிமாற்றம்.* போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ மகலாய்ஸ் 2005 சூலை 14 அன்று தொடங்கிய ‘போஸ்ட்கிராசிங்’ திட்டத்தில், ஒருவர் முன்பின் அறியாத ஒருவருக்கு அட்டை அனுப்புகிறார். அது சேர்ந்தபின் வேறொரு அறியாதவரிடமிருந்து அவருக்கு அட்டை வருகிறது. முதல் அஞ்சலட்டையின் நினைவாக அக்டோபர் 1 உலக அஞ்சலட்டை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று சங்கிலிக் கடிதம். இதே வாசகத்தை இத்தனை பேருக்கு எழுதாவிட்டால் தீங்கு நேரும் என்று சாமி பெயரால் மிரட்டும் அஞ்சலட்டைகள் ஒருகாலத்தில் தமிழகத்தில் பரவலாகச் சுற்றின. அச்சத்தால் எழுதப்படுவது சங்கிலிக் கடிதம். அஞ்சல் கலையில் அனுப்புவதும் பதில் எழுதுவதும் அவரவர் விருப்பம்.

பள்ளிகளில்

மாணவருக்கு அஞ்சலட்டை பல பாடங்களை ஒன்றாகக் கற்பிக்கிறது. 14க்கு 9 செ.மீ. என்பது அளவியல். மஞ்சளும் சுண்ணாம்பும் வேதியியல். குறியீட்டு எண் புவியியல். பாதிப்பக்கத்தில் சொல்ல வந்ததைச் சொல்வது மொழிப்பாடம். கடிதம் எழுதுதல் தேர்வுத்தாளில் இன்றும் இடம்பெறுகிறது. ஆனால் அந்தக் கடிதம் யாருக்கும் போய்ச்சேர்வதில்லை; மதிப்பெண் பெற்றதோடு முடிந்துவிடுகிறது. உண்மையான முகவரிக்கு எழுதும் மாணவர், படிப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறார். எழுத்துப்பிழை அங்கே மதிப்பெண் தொடர்பானதாக இல்லாமல், படிப்பவருக்குப் புரியுமா என்ற கேள்வியாகிறது.

பெரிய அளவிலான முயற்சிகளும் நடந்துள்ளன. சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் இளையோருக்கான கடிதப் போட்டியை நடத்துகிறது. விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டி 2021 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறையும் கல்வித் துறையும் இணைந்து 75 இலட்சம் அஞ்சலட்டைகள் எழுதும் இயக்கத்தை நடத்தின. இத்தகைய இயக்கங்களால் பிள்ளைகள் அஞ்சலட்டையைக் கையில் எடுக்கின்றனர். எனினும் எல்லாரும் ஒரே முகவரிக்கு எழுதும்போது தனியொருவரின் பதில் கிடைப்பதில்லை. இரண்டு ஊர்ப் பள்ளிகள் வகுப்புக்கு வகுப்பு எழுதிக்கொள்வது சிறிய முயற்சியாயினும், ஒவ்வோர் அட்டைக்கும் பதில் வர வழியுள்ளது. அறியாதவரோடு பரிமாறும்போது மாணவர் தம் வீட்டு முகவரியைத் தராமல் பள்ளி முகவரியையே தர வேண்டும். அஞ்சலட்டை வழியில் எவரும் படிக்கத்தக்கது என்பதால் தொலைபேசி எண் முதலியவற்றையும் எழுதக் கூடாது.

பாதுகாத்தல்

பழைய வீடுகளில் வந்த கடிதங்களைச் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பர். வேண்டிய கடிதத்தை நாள் வரிசையில் தேடி எடுக்க இம்முறை உதவியது. ஆனால் ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் துளை விழுந்தது. பழைய அஞ்சலட்டை பலவற்றில் இத்துளையைக் காணலாம். இன்று சேமிப்போர் அட்டைகளைத் தாளுறையில் இட்டு, இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் வெயில் படாமல் வைக்கலாம். உலர்ந்த வேப்பிலை இடுவது பூச்சியைக் குறைக்கும். செலோடேப் சில ஆண்டுகளில் பழுத்துக் கறைபடுத்தும். கிழிந்த அட்டையை அதனால் ஒட்டக் கூடாது. அனுப்புவதற்கு முன் அட்டையின் இரு பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய நிலை

அஞ்சல் கலை அழகான அட்டையால் மட்டும் வாழ்வதில்லை. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் ஒரே கட்டணத்தில் கொண்டுசெல்லும் பொது அஞ்சல் சேவை இருந்தால்தான் அது வாழும். ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு அதன் 50 காசு விலையைவிடப் பல மடங்கு அதிகம். மிகுதியை அஞ்சல் துறை ஏற்கிறது. கோவையின் நகரத் தெருவுக்கும், தாளவாடி மலைக்கிராமத்திற்கும், கன்னியாகுமரிக்கும், காஷ்மீருக்கும் விலை ஒன்றே. தனியார் கூரியர் சேவை இத்தகைய விலையில் இத்தனை ஊர்களுக்குச் செல்வதில்லை.

பிற நாடுகளில் நிலைமை வேகமாக மாறிவருகிறது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்ட், 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. அதன் சிவப்புத் தபால் பெட்டிகளும் அகற்றப்பட்டன. கடிதங்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்தியாவிலும் தனிப்பட்டோர் எழுதும் கடிதங்கள் குறைந்துள்ளன. பயன்படாத தபால் பெட்டியைத் தொடர்ந்து வைத்திருக்கக் காரணம் சொல்வது கடினமாகிறது. 50 காசுக்கு நாட்டின் எந்த மூலைக்கும் ஒருவர் தம் கையெழுத்தை அனுப்பலாம் என்ற வசதி, பயன்படுத்துவோர் இருக்கும்வரையே நீடிக்கும்.

கையால் செய்த அஞ்சலட்டை அவ்வசதியைப் பயன்படுத்துவதற்கான எளிய வழிகளில் ஒன்று. அதற்கு ஓவியத் திறமை கட்டாயம் இல்லை. ஒரு பனியன் பெட்டி அட்டை, வெண்டைக்காய் அச்சு, நான்கு வரி, சரியான முகவரி ஆகியவை போதும். பெறுபவர் அதைப் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். முடிந்தால் பதில் எழுதுகிறார்.